கூரைக்குள் ஏறிப் பார்த்திருக்கிறீர்களா?

(சங்கத்தின் மார்கழி மாத ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை. புத்தாண்டு மலருக்காகச் சிறிது திருத்தி எழுதப்பட்டது.)



செயலாளர் தம்பி என்னை அழைத்தபோது, "அண்ணை, வீடு திருத்திறதைப் பற்றி ஏதாவது சொல்லுங்கோ, ஆனால் அரை மணித்தியாலத்துக்கு மேலை போகாதேங்கோ" என்றார். நான் எஞ்சினியர் இல்லை. கூரை வேலை செய்கிறவனும் இல்லை. ஸ்காபரோவிலே 1956ஆம் ஆண்டு கட்டிய ஒரு பங்களோ வீட்டை வாங்கி, அந்த வீட்டிடம் அடிபட்டுப் படித்தவன். அந்தப் படிப்புக்கு நான் கட்டிய கட்டணம் பெரியது. உங்களுக்கு அது இலவசமாகக் கிடைக்கட்டும் என்றுதான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. இந்த மண்டபத்தில் சொந்த வீட்டில் இருப்பவர்கள் கை உயர்த்துங்கோ. நல்லது. அதிலே, தங்கள் வீட்டு அற்றிக்குக்குள் ஒரு தரமாவது தலையை நீட்டிப் பார்த்தவர்கள்? நாலு பேர். நானும் பத்து வருடம் உங்களைப் போலத்தான் இருந்தேன்.

எங்களில் பலர் வந்த புதிதில் இருந்தது வெலஸ்லி, பார்லிமென்ற் வீதிப் பக்கத்து மாடிக் கட்டடங்களில். அங்கே எங்களுக்கு மேலே இன்னொரு குடும்பம், அவர்களுக்கு மேலே இன்னொரு குடும்பம். கூரை என்று ஒன்று இருக்கிற நினைப்பே வராது. பிறகு வீடு வாங்கினோம். குசினியைப் பார்த்தோம், பேஸ்மென்றை வாடகைக்கு விடலாமோ என்று பார்த்தோம், பஸ் ஓடுதோ என்று பார்த்தோம். சீலிங்கிலே ஒரு சதுரப் பலகை மூடி இருந்ததே, அதைத் திறந்து பார்த்தோமா?

சரி, என்ரை கதைக்கு வருகிறேன். 2013ஆம் ஆண்டு மாசி மாதம். ஒரு கிழமையாக நல்ல குளிர். பிறகு ஒரு நாள் வெயில் அடித்துக் கொஞ்சம் இளகியது. அன்றைக்கு மத்தியானம், பின் அறையிலே படுத்திருந்த அம்மா கூப்பிட்டா: "தம்பி, மழை ஒழுகுது." வெளியிலே மழை இல்லை. ஆனால் சீலிங்கில் தேத்தண்ணி நிறத்திலே ஒரு வட்டம். நடுவிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

யாரிடம் போவது? கூரை ஒழுகினால் கூரைக்காரன். வந்தவர் ஏணி வைத்து ஏறினார், ஐந்து நிமிடத்தில் இறங்கினார். "ஷிங்கிள்ஸ் பழசு, முழுக்க மாற்ற வேணும்" என்றார். பழசுதான், பொய் சொல்லவில்லை. ஆனால் அவரும் அற்றிக்குக்குள் பார்க்கவில்லை, நானும் பாருங்கோ என்று கேட்கவில்லை. அந்த நேரம் என் கையிலே சீட்டு எடுத்த காசு இருந்தது. ஊரிலே, போரில் கூரை பறந்துபோன என் தங்கச்சியின் வீட்டுக்கு ஓடு போட அனுப்ப வைத்திருந்த காசு. "அடுத்த வருசம் அனுப்பலாம்" என்று சொல்லிவிட்டு இங்கே புதுக் கூரை போட்டேன்.

அந்த மார்கழியில்தான் ரொறன்ரோவை உலுக்கிய ஐஸ் புயல். உங்களில் எத்தனை பேர் கரண்ட் இல்லாமல் இருந்தீர்கள் என்று ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு 2014 தை மாதக் குளிர் மைனஸ் 20ஐத் தாண்டியது. பிறகு இளகியது. அன்றைக்கு அம்மா கூப்பிடவில்லை. தானே ஒரு சட்டியை எடுத்து அந்த வட்டத்துக்குக் கீழே வைத்துவிட்டு இருந்தா. ஆறு மாதப் புதுக் கூரை. அதே இடம். அதே சொட்டு.

அன்றைக்குத்தான் ரோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். கூரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு ஷிங்கிள்ஸ் ஆணிகளின் முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முனையிலும் வெள்ளை வெளேரென்று உறைபனி. நூற்றுக்கணக்கில். பார்க்க முல்லைப்பூப் பூத்த மாதிரி. இளகின இடங்களில் அது தண்ணீராகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவிலே, வளைந்த ஒரு பைப், வாயைத் திறந்தபடி. அதைச் சுற்றி நாலைந்து அடிக்குப் பலகை கறுத்துப்போய்ப் பூஞ்சணம்.

அந்தப் பைப் என்ன தெரியுமோ? குளியலறை ஃபானின் பைப். 2010இல் நானும் மச்சானுமாகச் சேர்ந்து பூட்டியது. கூரையைத் துளைத்து வெளியே விடுவதற்குப் பஞ்சிப்பட்டு, "ஆவி மேலைதானே போகுது, போகட்டும்" என்று அற்றிக்குக்குள்ளேயே விட்டோம். ஆக, மழை வெளியிலிருந்து வரவில்லை. எங்கள் வீட்டு ஆட்கள் குளித்த தண்ணீர்தான் ஆவியாகப் போய், உறைந்து, உருகி, அம்மாவின் தலைக்கு மேலே விழுந்தது. தங்கச்சியின் ஓட்டுக்காசை அதற்குத்தான் செலவழித்தேன்.

இனி, இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். இது விளங்கினால் மிச்சம் எல்லாம் விளங்கும்.

ஊரிலே ஓட்டு வீட்டில் சூடு மேலே போகும், ஓட்டு இடுக்கால் வெளியேறும். அடுப்புப் புகையும் அப்படித்தான். அங்கே சூடு எங்களுக்கு எதிரி, போனால் சந்தோசம். இங்கே சூடு காசு. அது சீலிங்குக்குக் கீழே நிற்க வேண்டும். சீலிங்குக்கு மேலே உள்ள அற்றிக் என்பது வீட்டின் பகுதி அல்ல. தலைக்கு மேலே மூடி வைத்த முற்றம் என்று நினையுங்கோ. பனிக்காலத்தில் அது வெளியைப் போலவே குளிராக இருப்பதுதான் சரி. "அற்றிக் நல்ல கணகணப்பாக இருக்குது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அவருடைய வீட்டில் ஏதோ பிழை.

சூடான காற்று தன்னோடு ஈரத்தையும் தூக்கிக்கொண்டு போகும். எங்கள் வீடுகளில் ஈரத்துக்கு என்ன குறைவு? காலையிலே புட்டு அவிக்கிறோம், இரவிலே இடியப்பம். சோறு வடிக்கிறோம். ஆறேழு பேர் குளிக்கிறோம். பேஸ்மென்றில் உடுப்புக் காயப் போடுகிறோம். முன்னர் இந்த வீட்டில் ஒரு வயோதிபத் தம்பதி மட்டும் இருந்தார்கள். அவர்கள் காலத்தில் கூரைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஆச்சரியமில்லை. பழைய வீடு, புதுச் சமையல்.

அந்த ஈரக் காற்று சீலிங்கில் கிடைக்கிற ஓட்டை எல்லாவற்றாலும் மேலே ஏறும். அற்றிக் மூடியின் விளிம்பு, லைற் பூட்டிய துவாரம், வயர் போகிற துவாரம், பைப் போகிற இடைவெளி, சிம்னியைச் சுற்றி, உட்சுவர்களின் உச்சி. மேலே குளிர்ந்த பலகையில் பட்டதும் உறையும். பனிக்காலம் முழுக்கச் சேர்த்து வைத்து, இளகுகிற நாளில் ஒரேயடியாக இறக்கும். அதனால்தான் மழையில்லாத நாளில் ஒழுகுகிறது. மழை பெய்கிற நாளில் ஒழுகினால் கூரையைப் பாருங்கோ. குளிர் விட்டு இளகும் நாளில் ஒழுகினால் முதலில் அற்றிக்கைப் பாருங்கோ. இந்த ஒரு வசனத்தை எனக்கு 2013இல் யாராவது சொல்லியிருந்தால்!

இன்னொரு விதமாகவும் தண்ணீர் வரும். சூடு கசிகிற கூரையின் நடுப்பகுதியில் பனி அடியிலிருந்து உருகும். அந்தத் தண்ணீர் வழிந்து தாழ்வாரத்துக்கு வரும்போது, அங்கே கீழே சூடு இல்லை, திரும்ப உறைந்து அணை கட்டிவிடும். பின்னால் வருகிற தண்ணீர் போக வழியின்றி ஷிங்கிள்ஸுக்கு அடியால் ஏறி உள்ளே இறங்கும். தாழ்வாரத்தில் ஈட்டி ஈட்டியாக ஐஸ் தொங்குவதைப் பிள்ளைகள் முறித்து விளையாடுவார்கள், நாங்களும் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவோம். அது வடிவான காட்சிதான், ஆனால் வீடு அழுகிறது என்று அர்த்தம். பனி விழுந்து இரண்டு நாள் கழித்து வீதியில் நின்று பாருங்கோ. பக்கத்து வீட்டுக் கூரையில் பனி இருந்து, உங்கள் கூரை மட்டும் கறுப்பாகத் தெரிந்தால், உங்கள் ஹீற்றிங் பில் அங்கேதான் போகிறது. அந்த ஐஸைக் கோடாலியால் கொத்தவோ, வீதிக்குப் போடுகிற உப்பைக் கொண்டுபோய் கூரையில் போடவோ வேண்டாம். ஷிங்கிள்ஸும் போகும், பீலியும் போகும்.

இப்போது வேலை ஒழுங்கு. ஆட்கள் வந்து "இன்சுலேசன் அடிச்சு விடுறம், ஒரே நாள் வேலை" என்று சொல்வார்கள். இன்சுலேசன் கடைசி வேலை. அதற்கு முன்னுக்குச் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் மேலே பஞ்சைக் கொட்டினால், ஓட்டைகளை மறைத்துவிட்டீர்கள், அடைக்கவில்லை. காற்று பஞ்சுக்கூடாகவும் போகும்.

ஏற முதல் ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து கவனியுங்கோ. மூடியைத் திறந்து லைற் அடித்துப் பாருங்கோ. சாம்பல் கலந்த மண்ணிறத்தில், அல்லது வெள்ளியும் பொன்னும் போல மினுங்கிக்கொண்டு, சின்னச் சின்னக் கூழாங்கல் மாதிரி, ஆனால் பாரமில்லாத மணிகள் கொட்டிக் கிடந்தால் கை வைக்காதேங்கோ. மூடியை மெல்லச் சாத்திவிட்டு இறங்குங்கோ. அது வெர்மிகியூலைற். அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் லிபி என்ற ஊரிலிருந்த சுரங்கத்திலிருந்து வந்து, சோனோலைற் என்ற பெயரில் கனடாவிலும் விற்றது. அந்தச் சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. அந்த மண்ணோடு அஸ்பெஸ்ரோஸ் கலந்திருந்தது. தொடாமல் கிடந்தால் பெரிய ஆபத்து இல்லை, கிளறினால் தூசி மூச்சுக்குள் போகும். அதைச் சோதிக்கவும் அகற்றவும் அதற்கென்று பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். "வக்கியூம் கிளீனராலை இழுத்து விடுவம்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அதைப்போல ஆபத்து வேறில்லை.

அடுத்தது வயர். ரொறன்ரோவின் பழைய பகுதிகளில் 1940களுக்கு முன் கட்டிய வீடுகளில், பீங்கான் குமிழ்களில் தனித்தனியாக ஓடும் பழைய வயரிங் இருக்கலாம். அந்த வயர் காற்றிலே சூடு ஆறுகிற மாதிரி அமைத்தது. அதற்கு மேலே பஞ்சைப் போட்டு மூடினால் சூடு ஆறாது, நெருப்புப் பிடிக்கலாம். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீசியனைக் காட்டிவிட்டுத்தான் மேற்கொண்டு. சீலிங்குக்குள் புதைத்த பழைய பொற் லைற்றுகளுக்கும் இதே கதை. இன்சுலேசனோடு ஒட்டியிருக்கலாம் என்று அனுமதித்த வகையா என்று பாருங்கோ.

இவை சரி என்றால், முதல் வேலை ஃபான் பைப். குளியலறை ஃபானும் குசினி ஃபானும் அற்றிக்கைக் கடந்து வெளியே போக வேண்டும், கூரையால் அல்லது சுவரால். அற்றிக்குக்குள் ஓடுகிற பைப்புக்கும் இன்சுலேசன் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஆவி பைப்புக்குள்ளேயே தண்ணீராகித் திரும்பி ஃபானால் சொட்டும். சொஃபிற் ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவதும் வேண்டாம். விட்ட ஆவியை அந்த ஓட்டையே திரும்ப உள்ளே இழுக்கும்.

இரண்டாவது, ஓட்டை அடைத்தல். கோல்கிங்கும் ஸ்பிறே ஃபோமும் போதும். சிம்னியைச் சுற்றி மட்டும் ஃபோம் கூடாது. அங்கே தகரமும் நெருப்புத் தாங்கும் பசையும்தான். அற்றிக் மூடிக்கு விளிம்பில் ரப்பர்ப் பட்டி ஒட்டி, மேலே தடித்த ஃபோம் பலகை ஒன்றை ஒட்டிவிடுங்கோ. இது முழங்காலில் தவழ்ந்து செய்கிற அலுப்பான வேலை. பார்க்கிற ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முழுச் செலவிலும் காசுக்குப் பெறுமதி இதுதான் என்பேன். மரச் சட்டத்தில் மட்டும் காலை வையுங்கோ. மச்சான் ஒரு தரம் சட்டத்துக்கு வெளியே கால் வைத்து, அந்தக் கால் கீழே சாமி அறைக்குள் தொங்கியது. அம்மா விளக்குக் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். பிள்ளையாருக்குச் செருப்புக் கால் காட்டினவன் என்று இன்றுவரை அவனுக்குப் பெயர்.

மூன்றாவது, காற்றோட்டம். இதிலேதான் எங்கள் ஆட்கள் கூடப் பிழை விடுவது. தாழ்வாரத்துக்கு அடியில் சொஃபிற் என்கிற பகுதியில் சிறு துவாரங்கள் இருக்கும். குளிர் வருகிறது என்று அதற்குள் சாக்கும் பழந்துணியும் அடைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அடைக்கக் கூடாது. கீழே சொஃபிற்றால் குளிர்காற்று நுழைந்து, முகட்டுக்குப் பக்கத்து வென்ற்றால் வெளியேறி, தப்பி வந்த கொஞ்ச ஈரத்தையும் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு துவாரம்? சாதாரண சரிவுக் கூரைக்குக் கட்டட விதி சொல்வது, சீலிங் பரப்பில் 300இல் ஒரு பங்கு. என் வீடு 1000 சதுர அடி. 300ஆல் பிரித்தால் மூன்றே கால் அடிக்குச் சற்று மேலே, அதாவது 480 சதுர அங்குலம். பாதி கீழே, பாதி மேலே. மேலே 240. சாதாரணக் கூரை வென்ற் ஒன்று சுமார் 50 சதுர அங்குலம் தரும், ஆக ஐந்து. என் வீட்டில் இருந்தது இரண்டு. புதுக் கூரை போட்டபோது நான் கேட்டிருந்தால் மற்ற மூன்றையும் அப்போதே போட்டிருக்கலாம். கூரைக்காரரோடு விலை பேசும்போது ஷிங்கிள்ஸின் நிறத்தைக் கேட்பதோடு இதையும் கேளுங்கோ.

இன்சுலேசன் தாழ்வாரப் பக்கம் போய் இந்தத் துவாரங்களை மூடாதபடி, சட்டங்களுக்கிடையில் பாஃபிள் என்று ஒரு தட்டு வைக்க வேண்டும். கூரைப் பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவில் இரண்டரை அங்குலம் காற்று ஓட வழி இருக்கட்டும். கரண்டில் சுழல்கிற அற்றிக் ஃபானை வாங்கச் சொல்லி விளம்பரம் வரும். எனக்கு அதிலே விருப்பமில்லை. ஓட்டைகள் அடைபடாத வீட்டில் அது பனிக்காலத்திலும் சுழன்றால் சீலிங்கால் சூட்டையும் ஈரத்தையும் இன்னும் உறிஞ்சி எடுக்கும்.

கடைசியில்தான் இன்சுலேசன். சூட்டைத் தடுக்கும் பலத்தை ஆர் என்ற எண்ணால் சொல்வார்கள். என் வீட்டில் 1956இல் போட்ட மூன்று அங்குலம், அமுங்கிப்போய் ஆர்-10கூட வராது. இப்போது ஒன்ராறியோவில் புது வீடுகளுக்குப் பொதுவாக ஆர்-60 வரை போடுகிறார்கள். செலுலோஸ் என்கிற கடதாசிப் பஞ்சு ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர் மூன்றரை தரும். ஆகப் பழையதற்கு மேலே 14 அங்குலம் ஊதினால் 60ஐ நெருங்கிவிடும்.

ஆனால் ஒரு கணக்கு. ஆர்-10இல் சீலிங்கால் 100 ரூபா போகிறது என்று வையுங்கோ. ஆர்-40 ஆக்கினால் 25 ரூபாதான் போகும். ஆர்-60 ஆக்கினால் 17. முதல் 30 எண்ணில் 75 ரூபா மிச்சம், அடுத்த 20 எண்ணில் வெறும் 8. ஊதுகிற மெஷின் வந்த கையோடு 60 வரை போடுவது நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே 40 இருக்கிற வீட்டுக்காரரைப் பயப்படுத்தி மேலே போடச் சொன்னால் யோசியுங்கோ. வாசலில் வந்து கையெழுத்துக் கேட்பவர்களிடம் அன்றைக்கே போடாதேங்கோ. போட்டுவிட்டாலும், வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்தை எழுத்துப் பிரதி கிடைத்த 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்ய ஒன்ராறியோச் சட்டம் இடம் தருகிறது.

பொலித்தீன் விரிப்பு பற்றியும் கேட்பீர்கள். அது சூடான பக்கத்தில், சீலிங் பலகைக்கு ஒட்டி இருக்க வேண்டியது. ஒரு நண்பர் பஞ்சுக்கு மேலே விரித்துவிட்டார், தூசி விழக்கூடாதாம். அடுத்த பனிக்காலம் அதன் அடியில் குளம்.

வீட்டை இறுக்கினால் இன்னொரு கடமையும் வரும். காஸ் ஃபேர்னஸ், சுடுதண்ணீர் ராங்க் உள்ள வீட்டில் புகை திரும்பி உள்ளே வரலாம். கார்பன் மொனொக்சைட் அலாரம் படுக்கை அறைகளுக்குப் பக்கத்தில் கட்டாயம். 2014 முதல் இங்கே அது சட்டமும்கூட. புட்டு அவிக்கும்போது ஃபானைப் போடுங்கோ, குளித்த பிறகு அரை மணித்தியாலம் ஓட விடுங்கோ. ஈரம் காட்டும் சின்ன மீற்றர் ஒன்று வாங்கி வையுங்கோ. வெளியே மைனஸ் 20 என்றால் உள்ளே 30 வீதத்துக்கு மேலே போகாமல் பார்ப்பது நல்லது.

என் வீட்டு வேலை 2014 சித்திரையில் தொடங்கி வைகாசியில் முடிந்தது. கறுத்த பலகைகளில் உக்கினவற்றை மாற்றினோம். அம்மாவின் அறைச் சீலிங்கைப் புதிதாகப் போட்டோம். அவவின் இரவு இருமல் குறைந்தது. பூஞ்சணம்தான் காரணம் என்று டாக்டர் எழுதித் தரவில்லை, நான் கண்டதைச் சொல்கிறேன். முழு வேலைக்கும் போன காசு, முதல் வருடம் கூரைக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு. தங்கச்சி வீட்டுக்கு ஓடு போட்டது 2016இல். மூன்று மாரி அவ தறப்பாளுக்குக் கீழே இருந்தா. ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்த பிறகு ஒரு தங்கச்சி வந்து, "அண்ணை, நாங்கள் வாடகைக்கு மேல்தளத்தில் இருக்கிறம், சீலிங் மூலை கறுக்குது, என்ன செய்யிறது" என்று கேட்டா. அதையும் இங்கே சேர்க்கிறேன். படம் எடுத்து, திகதி போட்டு, வீட்டுக்காரருக்கு எழுத்தில் கொடுங்கோ. வீட்டைத் திருத்தி வைத்திருப்பது அவருடைய பொறுப்பு. வீட்டுக்காரர் எங்கட ஆளாக இருந்தாலும் எழுத்தில்தான். அவர் அசையாவிட்டால் ரொறன்ரோவில் 311க்கு அடித்து முறையிடலாம், தமிழில் கதைக்க மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். நீங்கள் மேலே ஏற வேண்டாம்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது சித்திரை பிறந்திருக்கும். அற்றிக்கில் வேலை செய்ய அதுதான் நல்ல காலம். ஆனி, ஆடியில் அங்கே மனிசன் நிற்க ஏலாது. என்னிடம் எட்டடி ஏணி ஒன்றும் நல்ல ரோர்ச் லைற்றும் இருக்கின்றன. சங்கத்தில் பெயர் கொடுத்தால் சனிக்கிழமைகளில் வருவேன். தேத்தண்ணி போதும்.